ஆவுடையம்மாளின் இடது கை

வேலாயுதப்பெருமாள் கற்றுக்கொள்ள வந்தவர் என்றுதான் பெயர். நடந்துகொண்டதெல்லாம் கற்றுக்கொடுக்க வந்தவர் மாதிரி.

மலையடிவாரத்தில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகளுக்கென்று இருந்த அந்த இல்லத்தைத் தமயந்தி நடத்தி வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து, அதை உதறிவிட்டு வந்தவர். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் படிக்கச் சிலர் அவரிடம் வந்து தங்குவதுண்டு. அவர்களில் வேலாயுதப்பெருமாளுக்குத்தான் வயது அதிகம். குருவைவிடவே மூத்தவர். மனைவி ஆவுடையம்மாள் போன பிறகு, பலசரக்குக் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் கொண்டு வந்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்த மனைவியை அவர் பார்த்துக்கொண்டதை ஊரே மெச்சியது. கடைசிவரை அவளை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விட்டதில்லை. ஊட்டினார், தலை வாரினார், பொட்டும் வைத்துவிட்டார். "வாய்த்தால் இப்படி ஒரு புருஷன் வாய்க்கணும்" என்று சொந்தக்காரப் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

முதல் பாடமாகத் தமயந்தி சொன்னது எளிமையானது. எல்லாவற்றையும் நாமே செய்து கொடுக்க வேண்டியவர்கள் உண்டு. பாதியை நாம் செய்தால் மீதியைத் தானே செய்துகொள்கிறவர்கள் உண்டு. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாலே போதும் என்கிறவர்களும் உண்டு. யார் எந்த வகை என்பதை ஒவ்வொரு காலையிலும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்றார். வேலாயுதப்பெருமாள் தலையாட்டினார். முதல் வகைதான் உண்மையான பணிவிடை, மற்ற இரண்டும் சோம்பேறிகள் கண்டுபிடித்தது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

அவர் பொறுப்பில் விடப்பட்டவர் சங்கரபாண்டியன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், இவருக்கும் பக்கவாதம்தான். வந்த புதிதில் வலது கையால் கரண்டியைப் பிடித்து நடுங்க நடுங்கச் சாப்பிடுவார். வாய்க்குப் போவது பாதி, சட்டைக்குப் போவது பாதி. வேலாயுதப்பெருமாளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கரண்டியைத் தான் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த இல்லத்திலேயே சுத்தமான படுக்கை சங்கரபாண்டியனுடையதுதான்.

சில வாரம் கழித்துத் தமயந்தி அந்தக் கட்டிலருகே வந்து, சங்கரபாண்டியனின் வலது உள்ளங்கையில் ஒரு கரண்டியை வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. கரண்டி நழுவிப் படுக்கையில் விழுந்தது. இவர் எப்போதிலிருந்து தானாகச் சாப்பிடுவதில்லை என்று சிஷ்யரிடம் கேட்டார்.

"சிந்துதும்மா. பெரிய மனுஷன், சட்டையெல்லாம் சோறு. பார்க்கச் சகிக்கல. பின்ன நான் எதுக்கு இருக்கேன்?"

தமயந்தி பதில் பேசவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் வேலாயுதப்பெருமாள். அன்று சாயங்காலம் எல்லோரும் கூடியிருக்கையில் எழுந்து நின்று, பணிவிடையில் எது உசத்தி என்று கேட்டார். கேள்வி பொதுவானதுதான். பதிலில் தன் பெயர் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"காலையில சொல்லுதேன், அண்ணாச்சி. எந்திரிச்சு வர வேண்டாம், சங்கரபாண்டியன் அய்யாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருங்க" என்றார் தமயந்தி.

காலையில் தமயந்தியே வந்தார். வேலாயுதப்பெருமாளின் பல்லைத் துலக்கிவிட்டார், முகத்தைத் துடைத்தார். இடப்பக்கம் வகிடு எடுத்துப் பழகிய தலையை வலப்பக்கமாக வாரிவிட்டார். இட்லியைச் சாம்பாரில் தோய்த்து ஊட்டினார். சட்னிதான் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தபோது அடுத்த துண்டு வாய்க்குள் வந்துவிட்டது. எல்லாமே பதமாக, அன்பாகத்தான் நடந்தது. மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. விரட்டக் கையைத் தூக்கினார். தமயந்தி அந்தக் கையைப் பிடித்து, தடவிக்கொடுத்து, போர்வைக்குள் வைத்தார்.

"நான்தான் இருக்கேன்லா" என்றார்.

முதலில் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு கூச்சம் வந்தது, அதற்குப் பிறகு எரிச்சல். மத்தியானம் தாகமெடுத்தது. டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தமயந்தி அதை எடுத்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, வாயருகே கொண்டுவந்தார். அவ்வளவுதான், வேலாயுதப்பெருமாள் டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினார். தண்ணீர் வேட்டியெல்லாம் கொட்டியது.

"எனக்குக் கை இல்லையா?"

அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. சங்கரபாண்டியன் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தமயந்தி ஒரு துண்டை எடுத்து நீட்டினார், துடைத்துவிடவில்லை. வேலாயுதப்பெருமாள் அதை வாங்கினார். துடைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பிடித்தபடியே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவுடைக்கு வலது பக்கம்தாம்மா போச்சு" என்றார் கடைசியில். "இடது கை நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு தணிந்த குரலில் எல்லாம் சொன்னார். ஆரம்பத்தில் ஆவுடை அந்த இடது கையைத் தட்டுக்கு நீட்டுவாள், சீப்புக்கு நீட்டுவாள். உனக்கு எதுக்கு இந்தச் சிரமம் என்று அந்தக் கையைத் தடவிக்கொடுத்துப் போர்வைக்குள் வைத்துவிடுவார். கொஞ்ச நாளில் அவள் நீட்டுவதை நிறுத்திக்கொண்டாள். இப்போதுதான் அவளுக்கு மனசு அமைதியாகியிருக்கிறது என்று வந்தவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் அந்தக் கை போர்வைக்குள்ளேயே கிடந்து, மடங்கியபடியே இறுகிப்போனது. குளிப்பாட்டிக் கடைசிப் புடவை சுற்றும்போது பெண்களால் அதை நீட்டி மடக்க முடியவில்லை.

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஆறுதல் சொல்ல வந்த ஒரு சிஷ்யையைத் தமயந்தி கண்ணாலேயே தள்ளி நிற்கச் சொன்னார்.

"ஒரே ஒரு நாள் என் கையில இருந்து பிடுங்கியிருக்கலாம்லாம்மா?" வேலாயுதப்பெருமாள் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். "எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்குமே. நான் அரை நாள்ல பிடுங்கிட்டேன். அவ ஏம்மா பிடுங்கல?"

தமயந்தி அவர் முகத்தைப் பார்த்தார். சொன்னால் இந்த மனுஷன் தாங்குவாரா என்று யோசிப்பது போலிருந்தது.

"நான் உங்களுக்கு யாரோதானே, அண்ணாச்சி. அதான் பிடுங்கிட்டீங்க. அவங்களுக்கு நீங்க யாரோ இல்லையே."