கூடுதலாக வந்த இரண்டு சேனல்கள்

தணிகாசலம் மடத்துக்குள் நுழைந்தபோது முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. அவருக்கு எப்போதும் முதல் பந்திதான். பக்கத்து நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அவர் இயக்குநர். அதற்கு முன்பு பல வருஷம் அங்கேயே செய்தி வாசித்தவர். அவர் டீக்கடையில் நின்று சர்க்கரை குறைவாக என்று சொன்னால் போதும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். அந்தக் குரலுக்கு உரியவரை இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கச் சொல்ல மடத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. அவரும் காத்திருக்கிறேன் என்று சொன்னதில்லை.

சாப்பிட்டு முடித்துக் கிணற்றடிக்குப் போனார். மடத்துத் தலைவர் நல்லசிவ அடிகள் அங்கே உட்கார்ந்து வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மனசு சரியில்லை, சாமி."

"சாப்பாடு சரியாக இருந்ததா?"

"இருந்தது."

"அப்போது பாதி சரியாகிவிட்டது. மீதியைச் சொல்."

தணிகாசலம் கல்லில் உட்கார்ந்தார்.

"முன்பெல்லாம் எங்களுக்கு ஒரே சேனல்தான் சாமி. டிஜிட்டல் வந்த பிறகு, அதே கோபுரத்திலிருந்து மூன்று சேனல் அனுப்ப முடிகிறது. ஒன்று பழையது. இரண்டு கூடுதல். அந்த இரண்டில் என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை."

"ஒன்று மட்டும் இருந்தபோது என்ன செய்தாய்?"

"கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன்."

"யார் வந்தார்கள்?"

"யார்தான் வரவில்லை! காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற ஒரு டீச்சர் வருஷம் தவறாமல் வருவார். செய்தியைக் கைஜாடையில் சொல்ல ஒரு அரைமணி நேரம் கேட்பார். உப்பளத்துக்காரர்கள் வந்தார்கள். மலையிலிருந்து வேறு சிலர் வந்து, எங்கள் பேச்சில் ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று கேட்டார்கள். இன்னொரு சேனல் வரட்டும், முதல் இடம் உங்களுக்குத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒப்புக்குச் சொல்லவில்லை சாமி. மனசாரச் சொன்னேன்."

"வந்துவிட்டதே."

"வந்ததும் கூப்பிட்டேன்! போன வருஷம் ஒரு மாதம் முழுக்க, மணிக்கு ஒரு தடவை, என் குரலிலேயே அறிவிப்பு. புதிய சேனல்களில் பங்குபெற விரும்புவோர் நிலையத்தை அணுகலாம் என்று. ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை."

இதைச் சொல்லும்போது அவர் முகம் சுண்டிப்போயிற்று. அந்த மாதத்தை அவர் மறக்கவில்லை. வராண்டாவில் நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார். வாசல் காவலாளியிடம், யார் வந்தாலும் தடுக்காதே என்று சொல்லிவைத்திருந்தார். நாற்காலியில் காவலாளிதான் உட்கார்ந்திருந்தான். இல்லாதபோது நச்சரித்தார்கள், இருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று ஜனங்கள் மேல் அவருக்கு வன்மமே வந்துவிட்டது. கொடுக்க நீட்டின கையைத் தட்டிவிட்டவர்கள் என்று மனைவியிடம்கூடச் சொல்லிச் சொல்லிப் பொருமினார்.

"பிறகு?"

"பிறகு என்ன, பழைய கச்சேரி, பழைய பட்டிமன்றம். ஏற்கெனவே போட்டதையே திருப்பித் திருப்பிப் போட்டோம். யாரும் பார்க்கவில்லை. தலைமையகம் சும்மா இருக்குமா? ஒரு சேனலைப் போன மாதம் ஒரு வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். இப்போது அதில் விடிந்ததிலிருந்து முதுகுவலி பெல்ட்டும் ஒட்டாத தோசைக்கல்லும் விற்கிறார்கள். இன்னொன்றையும் அவனே கேட்கிறான். வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று இன்று சாயங்காலத்துக்குள் நான் பதில் சொல்லவேண்டும். இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. போகும்போது இந்தப் பழி என் தலையில்."

அடிகள் கையிலிருந்த நாரை நுனிவரை கிழித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

சமையற்காரர் சடையன் நொண்டிக்கொண்டே வந்தார்.

"கடைசிப் பந்தி முடிஞ்சுது சாமி. வாசல்ல கூப்பிடணும். காலு வீங்கிக் கெடக்கு, ஊன முடியல."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு ஒருவர் வெளியே போய், பசித்தவர் உண்டா என்று தெருவைப் பார்த்துக் கேட்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கதவு சாத்துவார்கள். கதவு சாத்திய பிறகுதான் அடிகள் இலை முன் உட்காருவார்.

"தணிகாசலம், இன்றைக்கு நீ போய்க் கூப்பிட்டுவிட்டு வா."

தணிகாசலத்துக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை வருஷத்தில் அடிகள் அவர் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது ஒரு குறையாகவே உள்ளே கிடந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய் வாசற்படியில் நின்றார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"அனைவருக்கும் வணக்கம். நமது மடத்தில் இன்றைய அன்னதானம் தற்போது வழங்கப்பட்டு வருகிறது. சாதம், கத்தரிக்காய்க் குழம்பு, கீரைக் கூட்டு, மோர். பசியோடு இருப்பவர்கள் யாராயினும் வந்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்."

மைக் இல்லாமலே அது தெருக்கோடி வரை போயிற்று. எங்கோ ஒரு நாய் குரைத்து நிறுத்தியது. அவர் திரும்பி வந்தார்.

"ஆள் உண்டா?" என்றார் அடிகள்.

"ஒருவரும் இல்லை சாமி. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது."

"நன்றாகக் கேட்டாயா?"

"கேட்டேன் சாமி. மூலைமுடுக்கெல்லாம் கேட்டிருக்கும்."

அடிகள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சடையனிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

மிஞ்சிய சோறு மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார்கள். அடிகளுக்கு இலை போட்டு, எடுத்துவைத்திருந்த சோற்றைச் சடையன் பரிமாறினார். அடிகள் கையை இலையில் வைக்கும்போது வெளியே இருமல் சத்தம் கேட்டது.

சடையன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு பேர் நிக்கிறாங்க சாமி. செங்கல் சூளை ஆளுங்க. கதவு சாத்தியிருக்குன்னு திரும்பப் பாத்தாங்க. நான்தான் நிறுத்தி வச்சேன்." பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, கூப்பிட்டுட்டு எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"நிற்பதா? எதற்கு நிற்கவேண்டும்?"

"சரியாப் போச்சு! கூப்பிட்டவர் புளியமரம் வரைக்கும் நடந்துபோய், வாயில போட்ட வெத்தல கரையற மட்டும் அங்கேயே நிக்கணும். மரத்துல சாஞ்சுக்கிட்டு, வேற பக்கம் பாத்துக்கிட்டு. பசிக்குதுன்னு நாலு பேர் பாக்க எந்திரிச்சு வர மனுசனுக்குக் கூச்சம் விட வேணாமா? ம்... முதல் பந்தியில தின்னுட்டுக் கார் ஏறிப் போறவங்களுக்கு இது எங்க தெரியப்போவுது."

"சடையா, போதும்" என்றார் அடிகள். "அவர்களை உள்ளே வரச்சொல்."

ஒரு ஆணும் பெண்ணும் வந்தார்கள். காலில் செம்மண் அப்பியிருந்தது. அடிகள் தம் இலையை இரண்டாகக் கிழித்தார். சோற்றைப் பங்கிட்டு இருவர் முன்னும் வைத்தார்.

"உட்காருங்கள் அம்மா. நீங்களும் உட்காருங்கள். உங்கள் பேர் என்ன?"

"வீரபத்திரனுங்க. இவ காத்தாயி. சாமி சாப்பிடலையா?"

"எனக்கு இன்று வேண்டாம்."

இருவரும் உட்கார்ந்தார்கள். காத்தாயி சோற்றைத் தொடாமல் அடிகளையும் தண்ணீர் ஊற்றிய அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பசி ஜெயித்தது.

தணிகாசலத்துக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவர் வயிறு நிறைந்திருந்தது. அது அன்றுதான் அவருக்குப் பாரமாகத் தெரிந்தது. மெதுவாகக் கேட்டார்.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டுச்சுங்களே. கணீர்னு கேட்டுச்சு."

"பிறகு ஏன் வரவில்லை?"

வீரபத்திரன் மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

"டிவியில பேசற மாதிரி இருந்துச்சுங்க. யாரோ பெரிய மனுசங்க வந்திருக்காங்க, அவங்க வீட்டு விசேசம்போலன்னு நெனச்சோம். நம்மளக் கூப்பிடறாங்கன்னு தோணல. இவருதான், போய்ப் பாத்துட்டு வருவோம்னு இழுத்துட்டு வந்தாரு."

"மத்தவங்க வரமாட்டேன்னுட்டாங்க" என்றான் வீரபத்திரன். "மழையில சூளை அவிஞ்சுபோய்ப் பொழப்பு இல்ல. கொட்டாய்ல எல்லாரும் அப்படியே படுத்துக் கெடக்காங்க."

தணிகாசலம் மாட்டுத் தொட்டியைப் பார்த்தார். மாடு தின்று முடித்து, தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு மாதம் அவர் கண்முன் வந்தது. அறிவிப்பைப் பதிவு செய்தபோது, ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் குரல் போய் விழுந்த வீடுகளில் யார் யார் நிமிர்ந்து பார்த்தார்களோ. நமக்கில்லை என்று யார் யார் மறுபடி குனிந்துகொண்டார்களோ. ஒரு வருஷமாகக் கட்டிக்காத்த கோபத்தைத் தேடிப் பார்த்தார். பிடித்துக்கொள்ள அது இல்லை. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. கோபமே தேவலை என்று இருந்தது அவருக்கு.

"நான் நிற்கவில்லை சாமி" என்றார். "சேனலுக்குக் கூப்பிட்டபோதும் நிற்கவில்லை."

அடிகள் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தார்.

தணிகாசலத்தின் பையில் போன் அடித்தது. தலைமையகம். அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"போனது போய்விட்டது. இருக்கிற ஒன்றையாவது விடமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு இங்கேயும் நானே வருகிறேன் சாமி. குரலைத் தாழ்த்தி, சாதாரணமாகக் கூப்பிடுகிறேன். மரத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறேன்."

"வேண்டாம். நாளைக்கு வீரபத்திரன் கூப்பிடட்டும். கொட்டாயில் இருப்பவர்களுக்கு அது தெரிந்த குரல்."

"அப்போது நான்?"

"நீ அடுப்பைப் பார்த்துக்கொள்."