தவசிமுத்து அசையக் கூடாது

கோணமூக்கனூர் தவசிமுத்துவுக்குச் சிறுநீரகத்தில் இருந்த கல்லை எடுத்துவிட்டு, அங்கிருந்து மூத்திரப்பை வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்பினார்கள். கல் இருந்தபோதுகூட இவ்வளவு பாடு இல்லை. கால் மணிக்கு ஒரு தரம் முட்டிக்கொண்டு வந்தது. போனால் நாலு சொட்டு, கூடவே விலாவில் சுரீரென்று வலி. மனுசன் நொந்து நூலாகிப் போனான்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார்.

"குழாயோட ரெண்டு முனையும் சுருண்டிருக்கும். நீங்க அசைஞ்சா கீழ்முனை பையில உரசும், அதான் அவசரம். ஒண்ணுக்குப் போறப்போ மூத்திரம் கொஞ்சம் குழாய் வழியா திரும்பி மேலே ஏறும், அதான் விலா வலி. தண்ணி நிறைய குடிங்க, அடக்காதீங்க. பதினஞ்சாம் நாள் கண்டிப்பா வந்து எடுத்துரணும். விட்டா உப்பு படிஞ்சு பெரிய வம்பாயிரும்."

தவசியின் கூட்டாளிகள் நாலு பேரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் ஆலோசனை நடந்தது.

"குழாய் சுருண்டு கெடக்கு. ஆளு நெட்டுக்குப் படுத்தா ரெண்டுக்கும் எப்படிலே ஒத்துப்போகும்?" என்றான் மாசானம்.

தவசிக்கு நியாயமாகத்தான் பட்டது. மூன்று நாள் ஜிலேபி மாதிரி சுருண்டு கிடந்தான். முட்டல் இரண்டு மடங்கானது.

"மேலே ஏறுறதுதான் வலின்னாங்கல்லா? அது ஏறுறதுக்கு முந்தி நீ ஏறிரு" என்றான் கொம்பையா.

அன்றிலிருந்து தவசி ஒவ்வொரு தரமும் ஏணி உச்சியில் நின்றுதான் போனான். வலி குறையவில்லை. கீழே ஏணியைப் பிடித்திருந்த பிச்சாண்டிதான் தினமும் ஏழெட்டுத் தரம் குளிக்க வேண்டியதாயிற்று.

பதினைந்தாம் நாள் வந்தது. டாக்டரம்மா ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். பஸ்ஸில் போனால் குலுங்கும்.

"அவன் அசையவேண்டாம். நாம அசைவோம்" என்றான் இசக்கி.

தவசியைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேரும் தூக்கினார்கள். வழியெல்லாம் புதர் கண்ட இடத்தில் அவன் இறங்கிப் போய் வந்தான். பாதி வழியில் பிச்சாண்டி காலில் முள் ஏறி உட்கார்ந்துவிட்டான். புதரிலிருந்து திரும்பிய தவசி பார்த்தான். ஒரு நோயாளியை மூன்று பேர் எப்படிச் சுமப்பார்கள்? பாவமாக இருந்தது. கட்டிலின் நாலாவது காலைத் தானே தோளில் வைத்துக்கொண்டான்.

கட்டில் பஞ்சாகப் பறந்தது.

"தண்ணி எறங்குனதும் ஆளு எவ்வளவு லேசாயிட்டான் பாத்தியாலே!" என்றான் மாசானம். தவசிக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் கட்டிலை இறக்கினார்கள். கட்டில் காலி. தவசி குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தான். மற்ற மூவரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்கதானே தவசிமுத்து?"

"என்னம்மா நீங்களே இப்படிச் சொல்லுதீங்க? தவசிமுத்து அசையவே கூடாதுல்லா? நான் கட்டிலைத் தூக்கிட்டு மூணு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கேன்! நீங்க போயிராதீங்கம்மா, ஆளைத் தேடிப் பிடிச்சுக் கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே எல்லாருக்கும் முன்னால் ஓடினான் தவசிமுத்து.