வலப்பக்கம் போகாத மட்டை

மயிலானந்தம் குருவைத் தேடி வந்தபோது அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்து மூன்று.

குருவின் பெயர் நர்மதா. கோயம்புத்தூருக்குத் தெற்கே, ஒரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்தார். ஆளுக்கு அளவெடுத்து மட்டை பூட்டித் தருவது அவர் தொழில். வருகிறவர்கள் எல்லாரும் நோயாளி முகத்தோடு வந்ததால் டாக்டரம்மா என்ற பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது. தப்பு தன்னிடம் இல்லை, மட்டையில்தான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்ற ஆசையோடுதான் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். மயிலானந்தமும் அந்த ஆசையோடுதான் வந்தான்.

அவன் அதே மைதானத்தில் பிறருடைய பையைத் தூக்கி நடந்து, பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றவன். இன்னும் பத்து நாளில் தகுதிச் சுற்று. தேறினால் அடுத்த வருடம் முழுக்கப் போட்டிகளில் ஆடலாம். தேறாவிட்டால், இந்த வயதுக்கு மேல் யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனால் எட்டு மாதமாக அவனால் டிரைவரைத் தூக்க முடியவில்லை. டிரைவர் என்பது முதல் அடிக்கு எடுக்கிற நீளமான மட்டை. அதைக் கையில் எடுத்தாலே உள்ளங்கை வேர்த்தது.

"டாக்டரம்மா, வலப்பக்கம் போகாத ஒரு மட்டை வேணுமுங்க."

"வலப்பக்கம் போனா என்னங்ணா?"

"பயமா இருக்குதுங்க."

"சரி, அளவெடுக்கலாம்," என்றார் நர்மதா.

மூன்று நாள் அளவெடுத்தார். மட்டை முகத்தில் ஒரு தாளை ஒட்டி, பந்து எங்கே படுகிறது என்று பார்த்தார். தரையில் வைத்த ரேடார் பெட்டி பந்தின் வேகத்தையும் கோணத்தையும் சொன்னது. மட்டையின் தண்டை மாற்றினார். தலையை மாற்றினார். நீளத்தில் அரை அங்குலம் குறைத்தார். பிடியைத் தடிமனாக்கினார். மயிலானந்தம் பட்டறைக்குள் நின்று, பத்தடி தூரத்தில் தொங்கிய வலையைப் பார்த்து அடித்துக்கொண்டே இருந்தான்.

இரண்டாம் நாள் நர்மதா பெட்டியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"பந்து வலப்பக்கம் கிளம்புறப்பெல்லாம் வாயைத் திறக்கறீங்க. சத்தம் வரலை."

மயிலானந்தம் மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"ஆறுச்சாமியைத் தெரியுமுங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன். பந்து பட்டு ஒரு காது போயிடுச்சுன்னாங்க."

"என் பந்துதானுங்க அது."

ஆறுச்சாமி ஆட்டக்காரர்களுக்கு முன்னால் போய் நின்று, பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்கிறவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், மயிலானந்தத்தின் பந்து வலப்பக்கம் வளைந்து போய் அவர் காதோரம் அடித்தது. பந்து தப்பிப் போனால் அடித்தவன் 'ஃபோர்' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். முன்னால் நிற்கிறவன் தலையை மூடிக்கொண்டு குனிவான். கோல்ஃபில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் அது.

"கத்தினீங்களாண்ணா?"

"கத்தினேனுங்க. அவருக்குக் கேக்கலை. மைதானக் கமிட்டிக்கு அப்படியே எழுதியும் குடுத்தேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒருவேளை கத்தியிருப்பாருங்க, எனக்குத்தான் கேக்கலை போலன்னாரு. அவரைக் கவனமில்லாத ஆளுன்னு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

நர்மதா தலையாட்டினார். அடுத்த தண்டை எடுத்துப் பூட்டினார்.

மூன்றாம் நாள் மாலை எல்லாம் கூடி வந்தது. பதினைந்து பந்துகள், பதினைந்தும் நூல் பிடித்த மாதிரி போய் வலையில் விழுந்தன. மயிலானந்தத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மட்டையைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இதுதானுங்க. இதையே பூட்டிக் குடுத்துருங்க. தப்பு மட்டையிலதான்னு நான் அப்பவே நெனச்சேன்."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்ணா. நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வாங்க."

"இங்கயே நல்லாத்தானே போகுது?"

"இங்க வலைதானே இருக்குது."

யாராக இருந்தாலும், கடைசிப் பத்துப் பந்தை நர்மதா மைதானத்தில்தான் பார்ப்பார். அடிக்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கமாட்டார். பந்து விழுகிற இடத்துக்கே போய் நின்று, விழுந்த இடத்தில் எல்லாம் சின்னக் கொடி ஊன்றுவார். பெட்டி பந்து கிளம்புவதைத்தான் சொல்லும், விழுவதை நான் பார்க்க வேண்டும் என்பார். ஆறு வருடமாக அப்படித்தான். இது மயிலானந்தத்துக்கும் தெரியும். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

காலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடித்தது. மைதானத்தில் வேறு ஆள் இல்லை. நர்மதா கொடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"டாக்டரம்மா, எங்க நிப்பீங்க?"

"வலப்பக்கம், அந்த வேப்ப மரத்துக்கு இந்தப் பக்கம்."

"அங்க வேண்டாமுங்க."

"ஏனுங்ணா?"

"ஆறுச்சாமி நின்ன இடமுங்க அது."

"பந்து தப்பிப் போற பக்கம்தானே பாக்கணும்? நேராப் போறதைப் பாக்க நான் எதுக்கு?"

"உங்களுக்குப் பயமில்லையா?"

"இருக்குதுங்ணா. வெயில் எதிர்ல அடிக்குது, பந்து கிளம்புறது கண்ணுக்கே தெரியாது." நர்மதா கொடிகளைச் சரிசெய்துகொண்டார். "ஆனா நீங்க கத்துவீங்கல்ல?"

மயிலானந்தம் வேப்ப மரத்தைப் பார்த்தான்.

"கத்துவேனுங்க," என்றான்.

நர்மதா நடந்தார். இருநூறு கெஜம் தாண்டி, மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு கையால் கண்ணுக்கு நிழல் கட்டிக்கொண்டு மறு கையை உயர்த்தினார். இங்கிருந்து பார்க்க ஒரு விரல் உயரம்தான் இருந்தார்.

முதல் பந்து தரையோடு உருண்டது. இரண்டாவதும் அப்படியே. பட்டறையில் பூப்போலச் சுழன்ற மட்டை இங்கே உலக்கையாகக் கனத்தது. மூன்றாவது பந்து நேராகப் போனது. நர்மதா ஓடிப்போய்க் கொடி ஊன்றிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி மறுபடி கையை உயர்த்தினார். மயிலானந்தம் சட்டையில் உள்ளங்கையைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வேர்த்தது. போய்விடலாம் என்று நினைத்தான். போட்டியும் வேண்டாம், மட்டையும் வேண்டாம், வயிற்று வலி என்று சொல்லிவிடலாம். அங்கே உயர்த்திய கை இறங்கவில்லை.

அடித்தான்.

பட்டதுமே தெரிந்துவிட்டது. பந்து நேராகக் கிளம்பி, வலப்பக்கம் சாய்ந்து, நர்மதாவைப் பார்த்துப் போனது.

வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. அங்கே நர்மதா கண்ணுக்கு நிழல் கட்டிய கையோடு நின்றார். குனியவில்லை. நகரவில்லை. பந்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

கடைசி நொடியில் நர்மதா சட்டென்று ஒரு பக்கம் துள்ளி விழுவது தெரிந்தது. கொடிகள் சிதறின.

மயிலானந்தம் மட்டையை எறிந்துவிட்டு ஓடினான். இருநூறு கெஜம் ஓடுவதற்குள் பத்துத் தடவை அவரைப் பிணமாகப் பார்த்துவிட்டான். மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது நர்மதா புல்லில் உட்கார்ந்திருந்தார். பந்து அவர் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி மண்ணில் புதைந்திருந்தது. அவர் உதடு வெளுத்திருந்தது. கொடியைப் பொறுக்குகிற விரல்கள் நடுங்கின.

"அடி பட்டுச்சுங்களா?"

"இல்லைங்ணா. ஒண்ணும் ஆகலை." நர்மதா மூச்சை இழுத்து விட்டார். "மன்னிச்சுக்கங்க. எதிர்காத்து பாருங்க. நீங்க கத்தினது எனக்குக் கேக்கவே இல்லை."

மயிலானந்தம் அவரையே பார்த்தான். ஆமாம் காற்றுதான் என்று சொல்லிவிட்டால் போதும். அத்தோடு முடிந்துவிடும். மட்டையை வாங்கிக்கொண்டு போகலாம்.

"அடுத்த பந்துக்கு நான் கொஞ்சம் கவனமா நிக்கறேன்," என்று நர்மதா எழுந்தார். "நீங்க போய் அடிங்க."

மயிலானந்தம் போகவில்லை. புல்லில் உட்கார்ந்தான்.

"நான் கத்தலைங்க."

நர்மதா நின்றார்.

"இப்பவும் கத்தலை. அன்னைக்கும் கத்தலை." குரல் உடைந்தது. "என் போட்டிச் செலவை ஏத்துக்கறேன்னு மூணு பேரு வந்து பின்னால நின்னுட்டிருந்தாங்க. கத்தினா, அடி தப்புன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். பந்து திரும்பி வந்துரும், திரும்பி வந்துரும்னு பாத்துட்டே நின்னேன். ஒரு நொடிதானுங்க. அவரு கையைக் கண்ணுக்கு வெச்சுட்டு என்னையவே பாத்துட்டிருந்தாரு."

"அந்த மூணு பேரு?"

"அவங்களும் வாயைத் திறக்கலைங்க."

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நர்மதா கொடிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டினார். அவர் விரல் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அது கோபமா பயமா என்று மயிலானந்தத்துக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. குரு என்றால் எல்லாம் முன்கூட்டியே தெரிந்து, தன்னைச் சோதிக்கத்தான் இப்படிச் செய்திருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

"டாக்டரம்மா, உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமுங்களா? தெரிஞ்சுதான் இங்க வந்து நின்னீங்களா?"

நர்மதா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"கத்தமாட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தா நின்னிருப்பனாண்ணா? ஆறுச்சாமிதான் நின்னிருப்பாருங்களா?"