வைரவநாதனின் குரல்

ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த மக்களை, அவர்கள் பேசிய மொழிக்காக, ஒரு மழைக்காலத்தில் தேடித் தேடிக் கொன்றார்கள். ஊர்கள் பல இல்லாமல் போயின. நெடுங்காலம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆட்சி மாறியபின், பாதி எரிந்து நின்ற ஒரு நெல் ஆலையைச் சீர்செய்து நினைவகம் ஆக்கினார்கள். உயிர் தப்பியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து, இனி வரப்போகிறவர்கள் கேட்கும்படி வைப்பது அதன் வேலை.

அதை நடத்தியவர் பெயர் கதிர்காமன். குறுக்கே பேசாமல் கேட்பதற்கு அவர் பழக்கிக்கொடுத்தார். அதனால் எல்லோரும் அவரை ஆசிரியர் என்றார்கள்.

அவரிடம் பயின்று பதிவு வேலை செய்தவர்களில் பரிமளமும் வதனியும் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அவர் அக்கா என்றே கூப்பிடுவார்.

வதனிக்குப் பெற்றோர் யாரென்று தெரியாது. அந்த மழைக்காலத்தில் கைக்குழந்தையாக இருந்தவளை யாரோ கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்து ஓர் அனாதை விடுதியில் விட்டுப் போனார்கள்.

பரிமளத்தின் தகப்பனார் வைரவநாதன் மேற்குக் கரைக்காரர். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சிறுமியாக இருந்தபோது பலமுறை கேட்டாள். "சோறு ஆறுது, சாப்பிடு" என்பார். அம்மா இறந்த பிறகும் கேட்டாள். அப்போதும் அதே பதில்.

நினைவகத்தில் அவள் சேர்ந்ததே அதற்காகத்தான். என்றைக்காவது அவர் சாட்சி சொல்ல வந்து தன் எதிரில் உட்காருவார் என்று நினைத்தாள்.

அவளைக் கூட்டிப்போக வந்தாலும் வாசலோடு நின்றுவிடும் அவர், ஒரு நாள் உள்ளே வந்தார். தலையைப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். பரிமளம் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தாள்.

அவர் அவளைத் தாண்டிப் பார்த்தார்.

"வதனி இருக்கிறாளா?"

வதனி அவரைப் பதிவு அறைக்குள் அழைத்துப் போனாள். கதவு மூடிக்கொண்டது. பரிமளம் வெளியே நின்றாள்.

வெயில் தாழ்ந்தபின் இருவரும் வெளியே வந்தார்கள். தகப்பனாரின் கண்கள் வீங்கியிருந்தன. வதனி அவர் கையைப் பிடித்துப் படியிறக்கி விட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் கத்தரிக்காய் விலையைப் பற்றி மகளிடம் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பரிமளம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டாள்.

அவருக்கு முன்பே ஒரு மனைவி இருந்திருக்கிறாள். நிலானி என்று ஒரு மகள் இருந்திருக்கிறாள். ஆண்களைத்தான் பிடிப்பார்கள் என்று நினைத்து, அவ்விருவரையும் கோயில் மடத்தில் விட்டுவிட்டு அவர் நாணலுக்குள் ஒளிந்திருக்கிறார். மடத்தைத்தான் முதலில் கொளுத்தினார்கள்.

பரிமளம் அழுதாள். ஆனால் அவளைக் குத்தியது வேறு ஓர் இடம். எருமையைக் கண்டால் நிலானி "மாமா வாறார்" என்று கத்துவாளாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை.

செத்துப்போன ஒரு குழந்தைமேல் இப்படி ஓர் ஆத்திரம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. அந்தச் சிரிப்பை எதிரில் உட்கார்ந்து வாங்கிக்கொண்ட வதனிமேல் அதைவிட ஆத்திரம் வந்தது.

அன்றிலிருந்து வதனி வணக்கம் சொன்னால் பரிமளம் திரும்பிப் பார்ப்பதில்லை. வதனி வைத்த தேநீர் ஆறிக் கிடக்கும். "ஊரார் அப்பனையெல்லாம் அழவைக்க ஒரு திறமை வேண்டும்" என்று ஒருமுறை அவள் காதுபடவே சொன்னாள். வதனி ஆறிய தேநீரை எடுத்துக்கொண்டு போனாள்.

நினைவகம் திறக்கும் நாள் நெருங்கியது. எந்தக் குரல்களை மண்டபத்தில் வைப்பது என்று பார்த்தார்கள்.

"வைரவநாதன் ஐயாவுடையது எங்கே?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ஒலி சரியில்லை. இரைச்சல்" என்றாள் பரிமளம். "வைக்க முடியாது."

பல காலம் வானொலியில் வேலை பார்த்தவள் அவள். அவள் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஆசிரியர் அதை வாங்கித் தானே கேட்டார். முழுவதும் கேட்டார். ஓர் இரைச்சலும் இல்லை.

அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"நன்றாகத்தான் இருக்கிறது, அக்கா."

பரிமளம் தலை நிமிர்ந்தாள்.

"ஆமாம். பொய்தான் சொன்னேன். என்னை அனுப்பிவிடுங்கள்."

"ஏன் சொன்னீர்கள்?"

"நாளைக்கு வழியில் போகிற எவனும் காசு கொடுத்து உள்ளே வந்து அதைக் கேட்பான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்கும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. நான் யார் அவருக்கு?"

ஆசிரியர் எழுந்து கதவைத் திறந்தார். பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"வதனி அக்கா, பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

வதனி வந்தாள். ஆசிரியர், சாட்சி சொல்பவர்கள் உட்காரும் நாற்காலியைப் பரிமளத்துக்குக் காட்டினார்.

"உட்காருங்கள். உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்."

"எனக்கு ஒன்றும் தெரியாது. அதைத்தானே சொல்கிறேன்."

"தெரிந்ததைச் சொல்லுங்கள்."

"இவளிடமா?"

"இவரிடம்தான்."

பரிமளம் சுவரைப் பார்த்தபடி தொடங்கினாள். சண்டை போடுவதுபோலவே பேசினாள்.

"எல்லாப் பாட்டையும் தப்புத் தப்பாகப் பாடுவார். திருத்தினால் கோபம் வரும். சமையல் வராது. ரொட்டி சுட்டால் ஒரு பக்கம் கரியாகத்தான் இருக்கும். கரியைச் சுரண்டிவிட்டு அந்தப் பக்கத்தைத் தான் தின்பார், மற்றப் பக்கத்தைப் பிய்த்து எனக்குத் தருவார். அம்மா படுக்கையில் விழுந்தபோது எனக்குப் பின்னல் போடப் பக்கத்து வீட்டில் போய்ப் பழகினார். இறுக்கிப் போடுவார். தலை வலிக்கும்."

வதனி கருவியைச் சற்று அருகே நகர்த்தினாள்.

"வானொலிக்குப் போன காலத்தில் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பார். மழை இல்லாத நாளிலும் குடையோடு. கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்."

மேலும் சொன்னாள். குரல் மெல்லத் தணிந்தது.

"நான் தூங்கும்போது வந்து என் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பார். மூச்சு வருகிறதா என்று. விழித்துக்கொண்டு கத்துவேன். ஒன்றுமில்லை, கொசு என்பார். கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வந்தபோதும் அதைத்தான் செய்தார். போன மாதம்கூட..."

அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கருவி ஓடிக்கொண்டிருந்தது. வதனி அதை நிறுத்தினாள்.

"உன் அப்பா என்னோடு ஒரு மத்தியானம் பேசினார்" என்றாள் வதனி. "அதற்காக நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உன்னைப் பார்த்து வயிறெரியாத நாள் இல்லை, தெரியுமா? இங்கேயும் உன்னைக் கூட்டிப்போக, மழை இல்லாத நாளிலும் அவர் குடையோடு வாசலில் வந்து நிற்கிறாரே, அப்போதெல்லாம் நான் பின்கதவால் போவேன். பார்க்க முடியாது என்னால்."

பரிமளம் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது, வதனி."

"நீ கேட்கவில்லையே."

பரிமளம் எழுந்து போனாள். தகப்பனாரின் பதிவை எடுத்துவந்து, மண்டபத்துக்கென்று பிரித்து வைத்திருந்த குரல்களோடு சேர்த்தாள். தான் இப்போது பேசியதைத் தனியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இதை அழித்துவிடட்டுமா?"

"ஏன்?" என்றார் ஆசிரியர்.

"இதில் ஒன்றும் இல்லையே. ரொட்டியும் குடையும்தான். அழிவைக் கேட்க வருகிறவர்களுக்கு இது எதற்கு?"

ஆசிரியர் அதை அவளிடமிருந்து வாங்கி, வைரவநாதனின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எப்படி உயிர் தப்பினார் என்று அவர் சொல்லியிருக்கிறார், அக்கா. எதற்காகத் தப்பினார் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்."