சிவப்பு மையில் ஒற்றைக் கோடு

“என் எழுத்தை அடிக்கச் சொல்ல இவங்க யாரு மேடம்?”

கேட்டவர் குற்றாலிங்கம். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு சட்டம் படித்தவர். மகள் வயதுள்ள வக்கீல் ரெஜினாவிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தார்.

மாவு மில் முத்துப்பேச்சி மேல் ஒரு கடன் வழக்கு. அவளுக்காக இவர் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த பதிலில், கடன் கொடுத்தவனை ‘வட்டிப்பேய்’ என்று ஒரு பத்தி முழுக்க வெளுத்து வாங்கியிருந்தார். அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி எதிர்த்தரப்பு மனு போட்டுவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல தமிழ்தான்.

“ஒரு எழுத்தை எடுக்க மாட்டேன். கோர்ட்டே அசந்துபோகும் பாருங்க.”

ரெஜினா கேட்டார்: “அந்தம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினீங்களா சார்?”

“கையெழுத்து வாங்கிட்டேன்.”

“அதைக் கேட்கல.”

மறுநாள் முத்துப்பேச்சி வந்தாள். தலையெல்லாம் மாவு. குற்றாலிங்கம் மேடைப்பேச்சு போல வாசித்தார்.

வட்டிப்பேய் வந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அவனுக்கு நல்லா வேணும். இன்னொருக்கா வாசிங்க வாத்தியாரய்யா!”

வாசித்தார். அடுத்த பத்திக்குப் போனார்.

“இந்தப் பிரதிவாதி, வாதியிடம் எக்காலத்தும் எக்கடனும் பெற்றவர் அல்லர்.”

“அப்படின்னா?”

“நீங்க கடனே வாங்கலைன்னு அர்த்தம்.”

முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள்.

“வாங்கினேம்லா! மில்லுல ஓடுற மோட்டாரே அந்தத் துட்டுலதானே வாங்கினது?”

“எல்லாத்தையும் மறுக்கிறது வழக்கம்மா. அவன் நிரூபிக்கட்டும்.”

“நீங்க ஒண்ணு! வட்டியும் முதலுமா பேங்க் வழியா கட்டி முடிச்சிருக்கேன். வாங்கவே இல்லைன்னா, கட்டினேன்னு எந்த வாயால சொல்லுவேன்? மில்லை அவன்கிட்டத் தூக்கிக் குடுக்கவா?”

குற்றாலிங்கம் அந்த வரியை மறுபடி பார்த்தார். அவள் விடவில்லை.

“மில்லு போனாக்கூடப் போகுது. வாங்கினதை இல்லைன்னவன்னு ஒருத்தன் என்னைச் சொல்லப்படாது. முத்துப்பேச்சி வாங்குவா, குடுப்பா. அவ்வளவுதான்.”

சொன்னபோது அவள் தலை நிமிர்ந்தே இருந்தது. அவர்தான் குனிந்துகொண்டார்.

பதிலைத் திருத்த ரெஜினா மனு போட்டார். வட்டிப்பேயையும் தாங்களே எடுத்துவிடுவதாக அதிலேயே சொல்லிவிட்டார்.

“அது மட்டும் இருந்துட்டுப் போட்டுமே,” என்றாள் முத்துப்பேச்சி.

“அதுவும் போகணும்மா.”

கோர்ட் அனுமதித்தது. அந்தக் கோர்ட்டில் ஒரு வழக்கம். வழக்குக் கட்டில் இருக்கும் பழைய தாளிலேயே, வக்கீல் தன் கையால் சிவப்பு மையில் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

கிளார்க் கட்டைப் பிரித்து வைத்தார். ரெஜினா சிவப்புப் பேனாவைக் குற்றாலிங்கத்திடம் நீட்டினார்.

எத்தனை பிள்ளைகளின் தாளில் சிவப்பு மை ஓட்டிய கை! இன்று தன் எழுத்தின் மேலேயே. ‘பெற்றவர் அல்லர்’ மேல் ஒரு கோடு போட்டார். அதன் மேல் இன்னொன்று. எழுத்தே தெரியாமல் கிறுக்கப் போனார்.

ரெஜினா அவர் கையைப் பிடித்தார்.

“ஒத்தக் கோடு போதும் சார். பழசும் தெரியணும்.”

“எல்லாரும் படிப்பாங்களே மேடம். மானம் போகும்.”

“படிக்கட்டும்.”

குற்றாலிங்கம் மேலே சிவப்பில் எழுதினார்: ‘கடன் பெற்றது உண்மை. முழுவதும் திருப்பிச் செலுத்தியதும் உண்மை.’

விசாரணை வந்தது. முத்துப்பேச்சி கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் தூக்கினார்.

“கடனே வாங்கலைன்னு இதோ இருக்கு. அடிச்சாலும் நல்லாத் தெரியுது. இப்ப வாங்கிக் கட்டினேங்கிறீங்க. எதும்மா பொய்?”

“வாங்கலைன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல.”

“அப்ப இதை யார் சொன்னது? பேயா?”

கோர்ட்டே சிரித்தது. முத்துப்பேச்சி யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. நிமிர்ந்தபடி நின்றாள்.

நீதிபதி ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா எழுந்திருக்கவில்லை.

குற்றாலிங்கம் எழுந்தார். அங்கியைச் சரிசெய்துகொண்டார். பள்ளிக்கூடத்துக் குரல் திரும்பி வந்திருந்தது.

“ஐயா, கறுப்புல இருக்கிறது நான் சொன்னது. சிவப்புல இருக்கிறதுதான் அவங்க சொன்னது.”