கவுத்து வச்ச பச்சை பெயிண்ட்

"நானா? நானாடா பெயிண்ட்டைக் கெடுத்தேன்? வாயைக் கழுவிட்டு வந்து பேசு தாண்டவா! ஸ்டோர் ரூம் சாவி யார் இடுப்புல தொங்குது? என் இடுப்புல. காவல் காத்தவனையே கை காட்டுறியா? நில்லுடா, அய்யாகிட்டயே கேட்டுருவோம்!"

தாண்டவன் நிக்கல. விறுவிறுன்னு போயி துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டான். மாட்டிக்கிட்டான், ஓடப் பாக்குறான்னு அம்பலவாணன் முடிவே பண்ணிட்டான். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டு குருகிட்ட ஓடினான்.

அய்யா உக்காந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தார்.

"அய்யா, அந்தப் பய இன்னைக்கே மடத்தை விட்டுப் போகணும்."

"என்ன பண்ணான்?"

"குருபூசைக்கு வாசக்கதவுல பச்சை அடிச்சோம்ல? நாமளே கலந்த பச்சை, எந்தக் கடையிலயும் கெடைக்காது. மிச்சத்தைப் பத்திரமா வைக்கிறேன்னு இவன்தான் வாங்கிட்டுப் போனான். இப்ப ஆடு ஒரசிக் கதவு உரிஞ்சுபோச்சு. தொட்டு அடிக்கலாம்னு பாத்தா டப்பாவுல பாதிகூட இல்ல. இருக்கிறதும் அல்வா மாதிரி இருக்கு."

"எப்படி வச்சான்?"

"அதுலதான எனக்குச் சந்தேகமே! சின்ன டப்பாவுல கழுத்து முட்ட ஊத்தி, பிளாஸ்டிக் தாளைப் போட்டு, மூடியைச் சுத்தியால தட்டி, தலைகீழாக் கவுத்து வச்சான். யோக்கியன் எவனாவது டப்பாவைக் கவுத்து வைப்பானா? அன்னைக்கே ரூமைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துக்கிட்டேன்."

"பூட்டின ரூமுக்குள்ள எப்படிப் போனான்?"

"ஜன்னல் இருக்கே!"

"அதுல பூனைதான்டா நுழையும்."

"அவன் ஒடம்பைப் பாருங்க. பூனைதான்."

அய்யா சிரிக்கல. "கொறையுதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் விடுவேனா? தெனமும் காலையில டப்பாவை நிமித்தி, ஸ்குரூடிரைவரால மூடியை நெம்பி அளவு பாத்தேன். மேல தோல் மாதிரி ஏடு படிஞ்சு கெடக்கும். என்னத்தையோ கலந்துட்டுப் போறான்னு அதை வழிச்சு எறிஞ்சுட்டு மூடுவேன். மறுநாள் தெறந்தா இன்னும் கொறைஞ்சிருக்கும், மறுபடி ஏடு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க அவனுக்கு!"

அய்யா கீரையை ஒதுக்கி வச்சுட்டு எழுந்தார். கட்டிலுக்கு அடியில கையை விட்டார். அதே மாதிரி இன்னொரு டப்பா, கவுத்து வச்சது. நிமித்தி மூடியைத் தெறந்தார். கழுத்து முட்டப் பச்சை. குச்சியை விட்டுக் கலக்கித் தூக்கினார். மழையில நனைஞ்ச வாழையிலை மாதிரி மினுமினுன்னு வழிஞ்சுது.

"மிஞ்சினது ரெண்டு டப்பா. ரெண்டையும் தாண்டவன்தான் காத்துப் புகாம மூடிக் கவுத்து வச்சான்."

"பாத்தீங்களா! நல்லதை உங்ககிட்டக் குடுத்துட்டு மட்டமானதை அங்க வச்சிருக்கான். காக்கா புடிக்கிறான் அய்யா!"

"இதை ஒருத்தரும் காவல் காக்கல, அம்பலவாணா."

அம்பலவாணன் குனிஞ்சு பாத்தான். அவன் கையில இருந்த டப்பாவோட விளிம்பு பூரா நெளிஞ்சு கெடந்துச்சு. மூடி ஒரு பக்கம் ஒக்காந்தா மறுபக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு.

வெளிய சாப்பாட்டு மணி அடிச்சுது. பந்தியில எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. தாண்டவன் மட்டும் மூட்டையோட வாசப்படி எறங்கிக்கிட்டிருந்தான். எவனும் அவனைப் போகாதேன்னு சொல்லல. எல்லாரும் இலையையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

அய்யா அம்பலவாணன் தோளைப் புடிச்சு, டப்பாவும் கையுமாப் பந்தி நடுவுல கொண்டுபோய் நிறுத்தினார்.

"தாண்டவா, கொஞ்சம் நில்லு."

அப்புறம் அம்பலவாணன் பக்கம் திரும்பினார்.

"இந்த மூடியைத் தெனமும் தெறந்தது யாரு? வாசப்படி வரைக்கும் கேக்கணும், சத்தமாச் சொல்லு."