எர்த் ஒயர் நட்டு

"ஆசானே, வைப்பர் மறுபடியும் நின்னுபோச்சு."

தாணுலிங்கம் இதைச் சொல்லும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆறு மாதமாகச் சொல்லிச் சொல்லி முகத்துக்கே அது பழகிப்போயிருந்தது.

கார் பழைய ஹெரால்டு. அவருக்கு வயசு எழுபத்தொன்று. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசான் என்று அவர் கூப்பிட்டது, வடசேரியில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்த ஞானசிகாமணியை. இவரைவிட இருபது வயசு இளையவர். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத தனிக்கட்டை. கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை.

"எனக்கும் தொழிலைச் சொல்லித் தாங்க" என்று ஒருநாள் கேட்டுச் சேர்ந்த சிஷ்யர்தான் தாணுலிங்கம். அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. மோட்டாரின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் வைப்பர் அசையாது.

அந்த வித்தையை வைத்துத்தான் மனுஷன் பொழுதைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

சம்சாரம் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மகன் கனடாவில். வீட்டில் பேச ஆள் கிடையாது. காக்கைக்குச் சோறு வைக்கும்போது 'கா கா' என்று கூப்பிடுவதுதான் பேச்சு. கடைக்கு வந்தால் ஆசான் மோட்டாரைக் கழற்றுவார், கார்பன் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், பால் விடாத கட்டன்சாயா வரும், ஊர்க்கதை ஓடும், மத்தியானம் ஆகிவிடும்.

சும்மா வந்து உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை. காரியம் இல்லாமல் இன்னொருவன் வாசலில் போய் நிற்கிறவனை நாய்கூட மதிக்காது என்பது அவர் கட்சி.

அன்றைக்கு ஆசான் வண்டிப் பக்கமே போகவில்லை. அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து முன்னால் வைத்தார்.

"புது மோட்டார், அண்ணாச்சி. கோயம்புத்தூர்ல இருந்து வரவழைச்சேன். இதை மாட்டிட்டா பத்து வருஷத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்."

தாணுலிங்கம் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"பழசே போதுமே, ஆசானே."

"வாரத்துக்கு ரெண்டு தடவை நிக்குது. போதும்ங்கியளே."

"மோட்டார் மேல குத்தம் சொல்லாதீங்க."

"பின்னே யாரு மேல சொல்ல?"

ஆசான் பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார்.

பத்து வருஷம்! தனக்கு அவ்வளவு ஆயுசு இருக்கிறதா என்று தாணுலிங்கத்துக்குத் தெரியாது. இருந்தாலும் அத்தனையும் அந்த வீட்டுக்குள்ளேதானே என்று நினைத்தார்.

"பிரிக்காதீங்க," என்றார். "நான்தான் எர்த் ஒயரைக் கழத்துதேன்."

ஆசான் நிமிரவில்லை.

"எங்க வச்சு?"

"வார வழியில. முக்குல ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி..."

சொல்லும்போதே அவமானம் பிடுங்கித் தின்றது. இந்த வயசில் திருட்டுத்தனம். இனி எந்த மூஞ்சியோடு இங்கே வருவது?

"எந்த ஸ்பேனர் போட்டுக் கழத்துவிய?"

"ஸ்பேனர் எதுக்கு? விரலால திருகுனா நட்டு வந்துருமே."

ஆசான் கையிலிருந்த பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில் பண்ணுதேன், அண்ணாச்சி. நான் முறுக்குன நட்டு விரலுக்கு வருமா?"

தாணுலிங்கம் ஆசானின் முகத்தைப் பார்த்தார். ஆசான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ... இந்த ஆறு மாசமும் நீங்க..."

"மழைக்காலம் வருது. வைப்பர் ஓடியே ஆகணும்."

ஆசான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"இன்னைக்கு முறுக்கிருதேன். நாளைக்குச் சும்மா வாங்க."